கோச் சில்லுக்குக் கருவி வாங்குவோருக்கு

ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் கோச் பஸ்களைப் பராமரிக்கும் சிறிய கராஜ்கள் சில்லு வேலைக்கென்று கருவி வாங்கப் போகும்போது, முதலில் கை நீள்வது ஓர் அங்குல இம்பாக்ட் கன்னை நோக்கித்தான். துருவேறி இறுகிப்போன நட்டை எது சட்டென்று கழற்றும் என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. பணத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விட, மிச்சத்தில் ஒரு ஜக், ஒரு நீளப் பார், யாரோ விற்ற பழைய ரோர்க் றெஞ்ச் என்று பெட்டி நிரம்புகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. கழற்றும்போது கருவி பிழைத்தால் நேரம் வீணாகும், ஒரு ஸ்ரட் முறியும், மிஞ்சிப்போனால் ஒரு நட்டை வெட்டி எடுக்க வேண்டிவரும். பூட்டும்போது பிழைத்தால் அந்தப் பிழை கராஜுக்குள் கண்ணில் படாது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை 401இல் மணிக்கு நூறு கிலோமீற்றரில் ஓடும்போதுதான் அது வெளியே வரும். ஆகவே எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும், திரும்பப் பூட்டப்படப் போகும் சில்லுக்கு இது என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இங்கே ஓடும் கோச்களில் பெரும்பாலானவை வினிபெக்கில் வேரூன்றிய எம்.சி.ஐ. நிறுவனத்தின் வண்டிகள், அல்லது கியூபெக்கின் செயின்ற்-கிளேயரில் 1924இல் தொடங்கிய பிரவோஸ்ற் நிறுவனத்தின் வண்டிகள். நாற்பத்தைந்து அடி நீள வண்டிக்கு மூன்று அச்சு. முன்னால் இரண்டு சில்லு, இயக்கும் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு, அதற்குப் பின்னால் ராக் அச்சில் இரண்டு. சில்லு எட்டு, பூட்டும் இடம் ஆறு, இடத்துக்குப் பத்து நட்டாக மொத்தம் அறுபது நட்டு. 315/80ஆர்22.5 அளவு ரயர் அலுமினிய றிம்மோடு சேர்ந்து தொண்ணூறு கிலோ வரை வரும். இரும்பு றிம் என்றால் நூறைத் தாண்டும். இன்றைய வண்டிகளில் சில்லைத் தாங்கி மையப்படுத்துவது ஹப்பில் உள்ள மேடுகள். ஸ்ரட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். 22 மி.மீ. ஸ்ரட்டில் பூட்டும் அந்த நட்டுக்கு 33 மி.மீ. சொக்கெட் வேண்டும், முறுக்கு 450 முதல் 500 அடி-இறாத்தல் வரை வேண்டும். பழைய எம்.சி.ஐ. வண்டிகள் சிலவற்றில் உள்நட்டு, வெளிநட்டு என்று இரண்டடுக்கு உண்டு, இடப்பக்கம் இடச்சுற்று மரையும் உண்டு. அப்படி ஒரு வண்டி கராஜுக்கு வருமானால் அதற்கான சதுர சொக்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். பக்கம் பார்க்காமல் கன்னை அழுத்துகிறவர் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பார்.

பூட்டுதலுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு இந்த மாகாணத்தின் வரலாறே போதிய காரணம். 1995இல் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் ட்ரக்குகளிலிருந்து கழன்று பறந்த சில்லுகள் வெவ்வேறு விபத்துகளில் இருவரின் உயிரைப் பறித்தன. மரண விசாரணை நடந்தது, அரசு விழித்துக்கொண்டது, 1997இல் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. வணிக வாகனம் ஒன்றின் சில்லு வீதியில் கழன்றால் வண்டியை இயக்குபவரும் உரிமையாளரும் குற்றவாளிகள். தண்டம் 2,000 டொலரிலிருந்து 50,000 டொலர் வரை. கோச் பஸ்ஸும் இதற்குள் அடங்கும். நான் எடுக்க வேண்டிய கவனமெல்லாம் எடுத்தேன் என்று சொல்லித் தப்புவதற்கு இந்தச் சட்டத்தில் வழி வைக்கப்படவில்லை. அது நியாயமா என்று கேட்டு ஒரு போக்குவரத்து நிறுவனம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2003இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சில்லு கழல்வதற்குப் பேரிங் பழுதும் ஒரு காரணம்தான், ஆனால் கராஜின் கையில் முழுமையாக இருக்கும் காரணம் நட்டின் இறுக்கம். அதைக் கவனமாகச் செய்தேன் என்று வாயால் சொல்வதற்குச் சட்டத்திலும் மதிப்பில்லை, வீதியிலும் மதிப்பில்லை. இறுக்கம் சரியாக இருந்ததா இல்லையா என்பது மட்டுந்தான் கணக்கு.

சரியான இறுக்கம் என்பதை விளங்கிக்கொண்டால் கருவித் தேர்வு தானாகவே தெளிவாகும். நட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ஸ்ரட்டை இழுத்துச் சில்லை ஹப்போடு அழுத்துகிறது. மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிறது. மரையில் உப்புத் துரு இருந்தால் உராய்வு கூடும், றெஞ்ச் 475 என்று சொல்லும், ஸ்ரட்டோ போதிய அளவு இழுபட்டிருக்காது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். ஸ்ரட் ஓர் உருக்குச் சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது. அளவோடு இழுத்தால் திரும்பச் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கந்தான் சில்லைப் பிடிக்கிறது. ஓர் அங்குலக் கன்னால் ஆயிரம் அடி-இறாத்தலுக்கு மேல் அடித்து அளவு மீறி இழுத்துவிட்டால் அது நீண்டபடியே நின்றுவிடும், பிடிக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அளவோடு இறுகிய நட்டும் அளவு மீறி இறுகிய நட்டும் ஒன்றுபோலவே தெரியும். கையால் தட்டிப் பார்த்தாலும் வேறுபாடு பிடிபடாது. அதனால்தான் அனுபவப்பட்ட கைக்கு இறுக்கம் தெரியும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அனுபவம் மரையின் நிலையைச் சொல்லும், ஸ்ரட்டின் வயதைச் சொல்லும், றிம்மில் வெடிப்பு ஓடியிருந்தால் கண்டுபிடிக்கும். அடி-இறாத்தலை அளக்கக் கூடிய கை எவருக்கும் கிடையாது.

எனவே பணம் முதலில் போக வேண்டியது ரோர்க் றெஞ்சுக்கு. முக்கால் அங்குல முனையும் 600 அடி-இறாத்தல் வரை அளவும் கொண்ட நல்ல றெஞ்ச் நாலடி நீளம் வரும். அந்த நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. நாலடிப் பிடியில் 475 அடி-இறாத்தலை எட்ட ஏறத்தாழ 120 இறாத்தல் விசை, அதாவது ஐம்பத்துநாலு கிலோ, கொடுக்க வேண்டும். ஒரு சராசரி மெக்கானிக் உடம்பைச் சாய்த்து அதை ஒழுங்காகக் கொடுத்துவிடுவார். குட்டையான றெஞ்சை வாங்கிவிட்டு அதன் வாலில் குழாயைச் செருகினால் அளவு பொய்த்துப்போகும், ஏனென்றால் றெஞ்ச் பிடியின் நடுவில் இழுப்பதற்கென்று அளவு வைக்கப்பட்டது. சொடுக்கொலி கேட்டதும் நிறுத்த வேண்டும், உறுதிக்காக இன்னொரு சொடுக்கு என்று இழுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும். எந்த நிலையிலும் அதைக் கொண்டு நட்டைக் கழற்றக் கூடாது. ரோர்க் றெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரவிதி, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ 5,000 இழுப்புக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது, றெஞ்சைச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோச்சில் அறுபது நட்டு. ஓடிய பின் மறுபடி சரிபார்க்க இன்னும் அறுபது. நாற்பத்திரண்டு பஸ்ஸுக்குச் சில்லு வேலை முழுதாகச் செய்தால் 5,000 இழுப்பு வந்துவிடுகிறது. ஓரளவு வேலையுள்ள கராஜில் இது வருட முடிவுக்கு வெகு முன்னதாகவே வந்து சேரும். ஆகவே றெஞ்ச் இரண்டு வேண்டும். ஒன்று சோதனைக்குப் போயிருக்கும்போது மற்றது வேலையில் இருக்கும், சந்தேகம் வந்தால் ஒன்றை மற்றதோடு ஒப்பிடவும் முடியும்.

கன்னை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழற்றுவதற்கு அதற்கு நிகரான கருவி கிடையாது. பூட்டும்போதும் நட்டை மரையில் ஓட்டிச் சேர்க்கும் வரைக்கும் குறைந்த வேகத்தில் அதைப் பயன்படுத்தலாம். அதற்கப்பால் அதை இறக்கி வைத்துவிட வேண்டும். விசையைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் ரோர்க் கம்பிகளும், பற்றரிக் கன்களில் உள்ள தானாக நிற்கும் வசதியும் அளவுக் கருவிகள் ஆகிவிட மாட்டா. காற்றழுத்தம் குறைந்தாலும் பற்றரி தளர்ந்தாலும் முடிவு மாறும். அதிக இறுக்கத்தைத் தவிர்க்க அவை உதவும், கடைசி இறுக்கத்தை அவற்றிடம் ஒப்படைக்க முடியாது. காற்றா பற்றரியா என்ற விவாதத்தில் எங்கள் குளிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தை மாதத்தில் வெளியில் நிற்கும் சேவை வாகனத்தில் காற்றுக் குழாயின் ஈரம் உறையும், லித்தியம் பற்றரியும் சோர்ந்துபோகும். பற்றரியை ஓட்டுநர் அறைக்குள் சூடாக வைத்திருக்கலாம், குழாயை அப்படி வைத்திருக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே வெளிவேலைக்குப் பற்றரிக் கன்னைச் சொல்வேன். உள்ளே நல்ல கொம்பிரசரும் தடித்த குழாயும் இருந்தால் காற்றுக் கன்னே நீடிக்கும். எதுவானாலும் காதுக்கவசம் கட்டாயம். ஒன்ராறியோவில் 2016 ஜூலையிலிருந்து எல்லா வேலைத்தலங்களுக்கும் எட்டு மணி நேரச் சராசரி இரைச்சல் எல்லை 85 டெசிபெல். ஓர் அங்குலக் கன் அதை வெகு எளிதாகத் தாண்டும்.

கன்னுக்கும் அசையாத நட்டுக்கு நீளப் பாரும் அதன்மேல் குழாயும் போட்டு ஏறி மிதிக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். ஆயிரம் அடி-இறாத்தலில் இறுகிய நட்டை நாலடிப் பாரால் அசைக்க 250 இறாத்தல் விசை வேண்டும். அது ஒரு மனிதனின் முழு நிறையைவிடக் கூடியது, பார் வழுகினால் அந்த நிறை அவ்வளவும் கொங்கிறீட் தரையில் விழும். பற்சக்கரம் உள்ள கைப்பெருக்கி ஒன்று இதே வேலையை ஒரு கையால், மெதுவாக, சத்தமில்லாமல் செய்யும். அது கன்னைவிட எவ்வளவோ மலிவு. கவனிக்க வேண்டியது அதன் எதிர்த்தாங்கியைத்தான். அது பக்கத்து நட்டில் அணைந்து நிற்கும், விசை ஏறும்போது இடையில் விரல் இருந்தால் நசிந்துவிடும். ஆளுக்கு ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

அடுத்தது சில்லைத் தூக்கிப் பிடிக்கும் கருவியான டொலி. இதை முதுகுக்கான வசதி என்று மட்டும் பார்த்து, இளம் பொடியன்கள் இருக்கிறார்கள், பார் வைத்துத் தூக்கிக்கொள்வார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதுகின் கணக்கையே முதலில் பார்ப்போம். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய தூக்குதல் சமன்பாட்டில், எல்லாம் வசதியாக அமைந்த நிலையில் ஒருவர் தூக்கத் தக்க ஆகக் கூடிய நிறை 23 கிலோ. கோச் சில்லு அதைப்போல நாலு மடங்கு. இருவர் சேர்ந்து தூக்கினாலும் எல்லையைத் தாண்டிவிடும். ஒன்ராறியோவின் தொழிற்சாலை ஒழுங்குவிதியும், தொழிலாளிக்கு ஆபத்து வராதபடியே பொருளைத் தூக்கவும் நகர்த்தவும் வேண்டும் என்று கராஜ் முதலாளியிடம் பொறுப்பை வைக்கிறது. ஆனால் டொலியை நான் பூட்டும் கருவிகளில் சேர்ப்பதற்கு முதுகைத் தாண்டிய காரணம் உண்டு. பாரால் நெம்பி ஏற்றும் சில்லு நேராக ஏறாது. அதன் துளை விளிம்பு ஸ்ரட்டின் மரைமேல் உரசிக்கொண்டே போகும். அலுமினியத் தூள் மரைக்குள் புகும், இரும்பு றிம்மானால் மரையின் முகடே நசியும். பிறகு நட்டு இறுகுவது போலத் தோன்றும், றெஞ்சும் சொடுக்கும், ஆனால் அந்த அளவில் ஒரு பகுதி நசிந்த மரையோடு போராடிய கணக்கு. நல்ல டொலியில் சில்லு இரண்டு உருளைகள்மேல் நிற்கும். கால்மிதியால் ஒரு மயிரிழை உயர்த்தலாம், கையால் சுற்றிப் பத்துத் துளையையும் பத்து ஸ்ரட்டுக்கு நேரே கொண்டுவரலாம். ஹப்பின் மேடு ஒன்று நேர் மேலே, பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கும்படி முதலில் திருப்பி வைத்துக்கொண்டால், சில்லு உள்ளே போனதும் அந்த மேட்டில் அமர்ந்துகொள்ளும். அப்போது மேல்நட்டை ஐம்பது அடி-இறாத்தலுக்கு இறுக்கி, எதிரெதிராக மாறி மாறி மற்றவற்றையும் சேர்த்து, பிறகு ரயர் தரையைத் தொட்டுச் சுழலாமல் நிற்கும் அளவுக்கு இறக்கிக் கடைசி முறுக்கைக் கொடுக்கலாம். டொலி வாங்க இப்போதைக்கு வழியில்லாதவருக்கு ஒரு மெல்லிய அலுமினியத் தகடும் சவர்க்கார நீரும் ஓரளவுக்கு ஈடு செய்யும். ஜக்கால் ரயரைத் தகட்டுக்குச் சற்றே மேலே நிறுத்தினால் சில்லைத் தூக்காமலே வழுக்கி எடுக்கலாம், வழுக்கிச் சேர்க்கலாம்.

ஜக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். எத்தனை தொன் என்று கேட்டு வாங்குகிறார்கள். இருபது தொன் ஜக் கோச்சுக்குப் போதும். கேட்க வேண்டியது மூடிய உயரம். காற்றுப் பைகள் இறங்கி ரயரும் தட்டையாகிவிட்ட கோச்சின் அச்சடியில் நிமிர்ந்த போத்தல் ஜக் நுழையாது. நுழையாத ஜக் எத்தனை தொன் தூக்கினால் என்ன? குட்டை ஜக் ஒன்றும், நல்ல சில்லை ஓட்டி ஏற்றக் கட்டை மரக் குற்றிகள் இரண்டும் கூடவே இருக்க வேண்டும். காற்றில் நிற்கும் உடல் எந்த நேரமும் இறங்கலாம் என்பதால், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் தாங்கி வைக்காமல் எவரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது.

ஆகக் குறைந்த விலையுள்ள கருவிகளே இந்த ஊரில் ஆகக் கூடிய வேலை செய்கின்றன. ரொறன்ரோ மாநகரம் சராசரியாக ஒரு குளிர்காலத்தில் லட்சம் தொன்னுக்கு மேல் உப்பைத் தெருவில் கொட்டுகிறது. அலுமினிய றிம்மும் இரும்பு ஹப்பும் உப்புநீரில் சேரும் இடத்தில் வெள்ளைப் பொருக்கு வளர்ந்து சில்லை ஹப்போடு ஒட்டிவிடும். துருப் படலத்தின்மேல் சில்லைப் பூட்டினால் ஓட்டத்தில் அந்தப் படலம் நொறுங்கி உதிரும், அதன் தடிப்பளவுக்கு இறுக்கம் தளரும். தடித்த வர்ணப் பூச்சும் அதே வேலையைச் செய்யும். எனவே கம்பித் தூரிகை, ஸ்ரட்டைச் சுற்றித் துப்புரவாக்கும் வட்டத் தகடு, மரை பார்க்கும் அளவி, ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி இவை நாலும் றெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹப் தாங்கும் சில்லுக்கு எண்ணெய் இரண்டு துளி நட்டின் உடலுக்கும் அதன் சுழலும் தட்டுக்கும் இடையிலும், இரண்டு துளி ஸ்ரட்டின் நுனி மரையிலும். சில்லு முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது. பழைய இரண்டடுக்கு நட்டுக்கு எண்ணெயே போடக் கூடாது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே, பணம் எங்கே என்று சிறு கராஜ் முதலாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஒருவரும் உதவியாளருமாக நடத்தும் இடங்களுக்கு ஒவ்வொரு டொலரும் கணக்குத்தான். ஆனால் நான் சொல்வது கூடுதல் செலவு அன்று, செலவின் வரிசை. பெரிய பற்றரிக் கன் ஒன்றின் விலையில் நல்ல றெஞ்சும் எளிய டொலியும் பெரும்பாலும் வாங்கிவிடலாம். கன்னை அடுத்த வருடம் வாங்கலாம், அதுவரை கைப்பெருக்கி கழற்றித் தரும். நேரத்தைப் பார்த்தால், பத்து நட்டுக்கு ரோர்க் றெஞ்ச் போட ஒரு தேநீர் குடிக்கும் பொழுதுகூடப் பிடிக்காது. கருவி மட்டும் இருந்தால் யாரும் பூட்டலாம் என்பதும் தவறு. ட்ரக், கோச் மெக்கானிக் தொழில் இங்கே சான்றிதழ் கட்டாயமான தொழில். ஸ்காபரோவிலேயே சென்ரெனியல் கல்லூரியின் ஆஷ்ரன்பீ வளாகத்தில் அதற்கான பயிற்சி இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் அங்கே படித்து வெளிவருகிறார்கள். அவர்கள் படித்த முறையில் வேலை செய்ய அவர்களுக்குக் கருவி கொடுப்பது முதலாளியின் கடமை.

வீதியோரத்தில் இவை எல்லாவற்றையும் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். வலப்பக்கச் சில்லு, அகலமான ஓரம், சமதரை என்றால் முடியும். 401இன் ஓரத்தில் போக்குவரத்தை ஒட்டிய இடப்பக்கச் சில்லுக்குச் சரியான கருவி என்று ஒன்று இல்லை. இழுவை வண்டிக்கும் வேகம் குறைத்து விலகிப்போக வேண்டும் என்ற சட்டம் 2015இலிருந்து இருந்தும், விலகாத வாகனங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வண்டியை இழுத்துப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதே வேலை.

கடைசியாக, ரோர்க் றெஞ்ச் கராஜ் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் பெரிய கவலை. புதிதாகப் பூட்டிய சில்லு ஓடி அமர்ந்ததும் இறுக்கம் சற்றுக் குறையும். அதனால் 80 முதல் 160 கிலோமீற்றருக்குள் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது தொழிலின் விதி. ரொறன்ரோவிலிருந்து நயாகரா அருவி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நம் யாத்திரிகர்கள் ஆண்டுதோறும் போகும் மிட்லண்ட் தேவாலயம் ஏறத்தாழ 150. காலையில் சில்லு மாற்றிய கோச் பயணிகளை ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேரும்போது மறுமுறுக்கின் நேரம் வந்துவிடுகிறது, அதைச் செய்யக் கருவியும் ஆளும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். நட்டில் செருகும் மஞ்சள் அம்புக்குறிகள் நட்டு திரும்பியதைக் காட்டும், திரும்பாமலே இறுக்கம் குறைந்ததைக் காட்ட மாட்டா. ஓட்டுநர் தினமும் செய்யும் பரிசோதனையும் தளர்ந்த நட்டைக் கண்டுபிடிக்கத்தான், இறுக்கத்தை அளக்க அல்ல. கோச் நடத்தும் நம்மவர்களிடம் கேட்கிறேன்: சில்லு மாற்றிய வண்டியைப் பயணிகள் இல்லாமல் ஒருமுறை ஓட்டி மறுமுறுக்கு முடித்துப் பதிவெழுதிய பிறகு பயணத்துக்கு அனுப்புங்கள். அது முடியாத நாளில், சோதித்த ரோர்க் றெஞ்ச் ஒன்றையும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரையும் அந்த வண்டியிலேயே அனுப்பிவையுங்கள்.